இசட் புள்ளி போதவில்லை, ஆனால் மருத்துவம்தான் ஆசை: வன்னிப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

உயர்தரப் (ஏ.எல்) பெறுபேறு வந்த கிழமையிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கத் தொடங்கிவிடும். தகப்பன் முன்னால், பிள்ளை பின்னால், கைபேசியில் ரிசல்ட் ஷீட்டின் படம். பயோ படிப்பித்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். வருடா வருடம் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

மூன்று பாடமும் சித்தி. ஆனாலும் ‘குறைந்த புள்ளி’ என்கிறார்களே, எப்படி?

சித்தி என்பது ஒன்று, இசட் புள்ளி என்பது வேறு. 35 எடுத்தால் S, 55க்கு C, 65க்கு B, 75க்கு A. இந்த எழுத்துகளை வைத்து மருத்துவ பீடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. 2001 தொடக்கம் எடுப்பது இசட் புள்ளியை வைத்துத்தான்.

கணக்கு சுலபம். ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு) வகுப்பார்கள். ஒரு பேச்சுக்கு, இரசாயனவியலில் சராசரி 40, விலகல் 15, நீங்கள் எடுத்தது 70 என்றால் இசட் 2. மூன்று பாட இசட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இலக்கம் வந்துவிடும். பூச்சியம் என்றால் நாட்டுச் சராசரி. ஆகவே 0.9 வந்த பிள்ளை மோசமாகச் செய்த பிள்ளை இல்லை. மருத்துவத்துக்குப் போதவில்லை, அவ்வளவுதான். இதை நான் முதலில் தகப்பனுக்குத்தான் சொல்வேன். பிள்ளைக்கு அது தெரியும்.

வன்னி மாவட்டங்களுக்குச் சலுகை இருக்கிறதாமே?

இருக்கிறது. ஆனால் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை.

மருத்துவ இடங்களில் 40 வீதம் முழு நாட்டுக்குமான திறமை வரிசைப்படி போகும். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறுக்குள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அடங்கும். யாழ்ப்பாணமும் அடங்கும்.

இதனால் எங்கள் மாவட்டங்களின் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைத்த கடைசிப் பிள்ளையின் இசட், கொழும்பு, கண்டியை விடக் கீழே நிற்கும். சரி. ஆனால் இடங்கள் எத்தனை? 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவின் சனத்தொகை ஒரு இலட்சத்துக்கும் குறைவு, நாட்டின் சனத்தொகை 2 கோடிக்கு மேல். ஆயிரம் இடத்தைச் சனத்தொகைப்படி பங்கிட்டால் முல்லைத்தீவுக்கு நாலைந்துதான் வரும். நாலைந்து இடம் என்றால் ஒரு வருடம் புதுக்குடியிருப்பிலும் மல்லாவியிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதினாலே வெட்டுப்புள்ளி மேலே ஏறிவிடும். “போன வருடம் இந்தப் புள்ளிக்குக் கிடைத்தது, இந்த முறையும் கிடைக்கும்” என்று யாராவது சொன்னால் நம்பி இருந்துவிடாதீர்கள். சின்ன மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பெரிய மாவட்டத்தினதைப் போல ஓரிடத்தில் நிற்பதில்லை.

ஏ.எல் படிக்க யாழ்ப்பாணம் போனால் வன்னிக் கோட்டா போய்விடுமா?

ரியூசனுக்குப் போவதால் ஒன்றும் போகாது. பாடசாலை மாறுவதில்தான் விஷயம் இருக்கிறது. எந்த மாவட்டம் என்பதை, உயர்தரம் எழுதுவதற்கு முந்திய மூன்று வருடங்கள் எந்தப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதை வைத்துப் பார்க்கிறார்கள். ஓ.எல் (சாதாரண தரம்) முடித்த கையோடு பிள்ளையை யாழ்ப்பாணப் பாடசாலையில் சேர்த்துவிட்டு, ரிசல்ட் வந்த பிறகு “நாங்கள் ஒட்டுசுட்டான் ஆட்கள்தானே சேர்” என்று வந்து நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன். பாடசாலையை மாற்ற முன்னரே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை ஒரு தரம் வாசித்துவிட வேண்டும்.

எதிர்ப்பக்கக் கூத்தும் நடக்கும். வெளி மாவட்டப் பிள்ளையை இங்கே பெயருக்குப் பதிந்துவிட்டு, படிப்பை அங்கேயே வைத்திருப்பார்கள். அந்த நாலைந்து இடத்தில் ஒன்று அப்படிப் போகும்போது வயிறு எரியும்.

திரும்ப எழுதலாமா, கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகலாமா?

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம் எழுதலாம். ஒரே இருப்பில் எடுத்த மூன்று பாடங்களையும் சேர்த்தே கணக்கெடுப்பார்கள். முதல் தரத்துப் பயோவையும் இரண்டாம் தரத்துப் பிசிக்ஸையும் ஒட்ட முடியாது.

நான் பார்ப்பது இரண்டு விஷயம். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கும் பிள்ளையின் இசட்டுக்கும் எவ்வளவு தூரம்? எந்தப் பாடம் கீழே இழுத்தது? இடைவெளி சிறிதாக இருந்து, இழுத்தது ஒரே ஒரு பாடம் என்றால், அதுவும் வன்னியில் பெரும்பாலும் பிசிக்ஸ்தான், இரண்டாம் தரம் எழுதச் சொல்வேன். பிசிக்ஸ் ஆசிரியர் வருடத்தின் பாதியில் இடம் மாறிப் போன பாடசாலைப் பிள்ளை என்றால் யோசிக்காமலே எழுதச் சொல்வேன். மூன்று பாடமும் ஒரே மாதிரி நடுவில் நின்றால், இன்னொரு வருடம் முழுக்க அதே கொப்பிகளைப் புரட்டுவதால் பெரிதாக ஏறுவதை நான் கண்டது குறைவு. மூன்றாம் தரம் பற்றிக் கேட்டால், பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கற்கைநெறிக்குத் தெரிவாகிப் பதிந்துவிட்டால், அடுத்த முறை புதிதாக விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. “பதிந்து வைப்போம், பிறகு பார்ப்போம்” என்று செய்ய வேண்டாம். கைநூலில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துத் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து வாசியுங்கள்.

பிசிக்ஸுக்குப் பதிலாக விவசாயம் எடுத்தேன். மருத்துவம் கேட்கலாமா?

முடியாது. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பிசிக்ஸ் படிப்பிக்க ஆள் இல்லாததால் விவசாயம் எடுக்க வைத்த பாடசாலைகள் இருக்கின்றன. பிள்ளைக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், இந்த ஒரு பதிலை மட்டும் அயலாருக்கும் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் வரிசை எப்படிப் போடுவது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கடைசியில், எழும்பும்போது கேட்பார்கள். உண்மையில் இதற்குத்தான் ஒரு பின்னேரம் முழுக்கச் செலவழிக்க வேண்டும்.

ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு, யூனிகோட் என்பார்கள். யாழ்ப்பாண மருத்துவம் ஒரு குறியீடு, மட்டக்களப்பில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவம் இன்னொன்று. ரஜரட்ட, றுகுணு, பேராதனை, சபரகமுவ, வயம்ப என்று மருத்துவத்துக்கே ஒரு நீள வரிசை இருக்கிறது. நீங்கள் போடும் விருப்ப ஒழுங்கில் மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் இசட் எட்டுகிற முதல் குறியீட்டைத் தருவார்கள். எட்டாத ஒன்றை மேலே போட்டதால் கீழே உள்ளதில் உங்கள் இடம் குறைந்துவிடாது. “கிடைக்காததை ஏன் போடுவான்” என்று மருத்துவத்தையே விட்டுவிடுபவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். ஆசைப்படி போடுங்கள், ஆனால் கீழே வரை போடுங்கள்.

ஒரு பிள்ளை நாட்டில் இருக்கிற எல்லா மருத்துவ பீடத்தையும் அழகாக வரிசைப்படுத்திவிட்டு, அதற்குக் கீழே ஒன்றுமே போடாமல் அனுப்பிவிட்டது. தாதியர் பட்டப்படிப்புக்குப் போதுமான புள்ளி அதனிடம் இருந்தது. அந்த வருடம் அதற்கு எந்தக் கடிதமும் வரவில்லை. அதற்குப் பிறகு வருகிற எவரையும் கொப்பியின் பின் பக்கத்தில் முதலில் பென்சிலால் எழுத வைக்கிறேன். அழித்து அழித்து எழுதிய பிறகுதான் கணினிப் பக்கம் போக விடுவேன்.

சித்த மருத்துவம் படித்தால் டொக்டர்தானா?

சித்த வைத்தியர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் கைதடியிலும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் திருகோணமலையிலும் படிப்பிக்கிறார்கள். ஐந்து வருடப் படிப்பு, பிறகு உள்ளகப் பயிற்சி, பிறகு ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு. அரச சித்த வைத்தியசாலைகளில் நியமனம் வரும். ஆங்கில மருத்துவம் செய்ய அந்தப் பதிவு இடம் தராது. வெட்டுப்புள்ளி எம்.பி.பி.எஸ்ஸை விடக் கீழே நிற்கும் என்பதால் பலர் அரை மனதோடு போடுகிறார்கள். எங்கள் பக்கம் முறிவு, வாதம், விஷக்கடி என்றால் இன்றைக்கும் சனம் முதலில் தேடிப் போவது பரியாரியைத்தான். அரை மனம் இல்லாத பிள்ளைக்கு இது நல்ல வழி.

தாதியர், ஆய்வுகூடம், மருந்தாளர் எல்லாம்?

இரண்டு பாதை இருக்கிறது, இரண்டையும் குழப்பக்கூடாது.

ஒன்று பல்கலைக்கழகப் பட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியம், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் மூன்றும் உண்டு. பேராதனையில் இவற்றோடு இயன்மருத்துவமும் ரேடியோகிராபியும் உண்டு. இவற்றுக்கும் இசட் புள்ளிதான், அதே விண்ணப்பம்தான்.

மற்றது சுகாதார அமைச்சின் பயிற்சி. வர்த்தமானியில் அறிவித்தல் வரும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தாதியர் பயிற்சி மூன்று வருடம். வவுனியாவிலேயே தாதியர் கல்லூரி இருக்கிறது. படிக்கிற காலத்தில் மாதக் கொடுப்பனவு கிடைக்கும், முடிந்ததும் அரச நியமனம். மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், ரேடியோகிராபர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோருக்கும் இப்படி ஆள் எடுப்பார்கள். அறிவித்தல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பஸ் கடிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்து வர்த்தமானியைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். வெள்ளிக்கிழமைகளில் வர்த்தமானி பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஓ.எல் பெறுபேற்றையும் கேட்பார்கள். அதைப் பெட்டிக்குள் எங்கேயோ போட்டுவிட்டுத் தேடுவது எங்கள் வீடுகளின் வழமை.

மாஞ்சோலையில் இருக்கும் முல்லைத்தீவு வைத்தியசாலைக்குப் போனால் தெரியும், ஒரு விடுதியை இரவில் கொண்டு நடத்துவது யார் என்று. என் பழைய மாணவி ஒருத்தி அங்கே தாதி. மருத்துவம் கிடைக்கவில்லை என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள். போன மாதம் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கச் சொல்லி என்னையே அதட்டினாள்.

தனியார் நிறுவனங்களின் ஆறு மாத, ஒரு வருட ‘நர்சிங்’ சான்றிதழ்களை வைத்து அரச வைத்தியசாலையில் தாதி நியமனம் எடுக்க முடியாது. விளம்பரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட படம் இருக்கும், இந்த வசனம் இருக்காது.

இலங்கையில் காசு கட்டிப் படிக்கத் தனியார் மருத்துவக் கல்லூரி இல்லையா?

மாலபேயில் ஒன்று இருந்தது, சைட்டம். பெரிய போராட்டங்கள் நடந்து அது மூடப்பட்டது. அங்கே படித்தவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பல்கலைக்கழகத்தில் முப்படைக் கடேற்றாகச் சேர்ந்து மருத்துவம் படிக்கலாம், படித்த பிறகு படையில் சேவை செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி விசாரிப்பவர்கள் குறைவு. காரணத்தை நான் எழுதத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் படிக்கலாமா? தமிழ்தானே?

இந்தியாவில் எம்.பி.பி.எஸ் சேர வெளிநாட்டவரும் நீட் என்ற இந்திய நுழைவுப் பரீட்சையை எழுதித் தகுதி பெற வேண்டும். இந்திய அரசு இலங்கை மாணவருக்குக் கொடுக்கும் புலமைப்பரிசில்களில் மருத்துவமும் துணை மருத்துவப் படிப்புகளும் அடங்காது. பொறியியல், விஞ்ஞானம், கலை எல்லாம் அடங்கும். “இந்தியன் ஸ்கொலர்ஷிப்பில் டொக்டர் ஆக்கிவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

ரஷ்யா, சீனா, பங்களாதேஷ்? ஏஜென்சிக்காரர் ‘சீட் உறுதி’ என்கிறாரே?

சீட் உறுதிதான். அங்கே சேர்வது கஷ்டமில்லை. திரும்பி வந்து இங்கே வைத்தியராகப் பதிவதுதான் கஷ்டம், அதை ஏஜென்சிக்காரர் பேசமாட்டார்.

முதலாவது, அந்தப் பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். “உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது” என்று துண்டுப்பிரசுரத்தில் பெரிதாகப் போட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறும் சபை கேட்கும் அடிமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். சும்மா மூன்று S வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள், இரண்டு C ஆவது வேண்டும். பல்கலைக்கழகம், நாடு, பிள்ளையின் பெறுபேறு மூன்றையும் குறிப்பிட்டு மருத்துவ சபைக்கு எழுதி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் முற்பணம். ஏஜென்சிக்காரர் அவசரப்படுத்தினால் அவருடைய அவசரம் அது.

பங்களாதேஷ் அரச மருத்துவக் கல்லூரிகளில் சார்க் (தெற்காசிய) நாட்டு மாணவருக்கென ஒதுக்கிய இடங்கள் உண்டு. அவற்றுக்கு அரசின் ஊடாகத்தான் விண்ணப்பம், போட்டியும் உண்டு. அங்கேயே தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன, அது வேறு கதை, வேறு செலவு. நோய்களும் சூழலும் எங்கள் நாட்டைப் போலவே என்பதால், வெளிநாடுதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது பங்களாதேஷைத்தான். ரஷ்யாவிலும் சீனாவிலும் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் விடுதியில் கிடக்கும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். “எங்கே நோகிறது” என்று கேட்கவே அவருடைய மொழி வேண்டும்.

திரும்பி வந்த பிறகு என்ன பரீட்சை?

இ.ஆர்.பி.எம் என்பார்கள். பழைய ஆட்கள் ‘அக்ட் 16’ என்பார்கள். இலங்கை மருத்துவ சபை நடத்துவது, பல பகுதிகள் கொண்டது, எழுத்தும் உண்டு, நோயாளியைப் பார்த்துச் சொல்வதும் உண்டு. எல்லாம் சித்தியடைந்த பிறகுதான் உள்ளகப் பயிற்சி, அதன் பிறகுதான் முழுப் பதிவு. முதல் தரத்தில் எல்லாப் பகுதியும் தாண்டாதவர்களை எனக்கே தெரியும். வெளிநாட்டில் ஆறு வருடம் என்று கணக்குப் போடும் தகப்பன், மேலே இரண்டு வருடத்தையாவது சேர்த்துப் போட வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் உழைப்பு இல்லை, கொழும்பில் அறை வாடகை இருக்கிறது.

காணியை விற்று அனுப்பலாமா?

என்னிடம் இதை அறிவுரையாகக் கேட்க வருபவர்கள் குறைவு. முடிவெடுத்துவிட்டு ஆமோதிக்கச் சொல்லித்தான் கேட்பார்கள். ஒரு தாய் துண்டுப்பிரசுரத்தைக் கொண்டு வந்தார். பனி மூடிய கட்டடம், சிரிக்கிற பிள்ளைகள். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்துவிட்டு, “இந்தக் காசுக்குள் சாப்பாடும் அடங்குமோ சேர்?” என்று கேட்டார். அடங்கவில்லை. விடுதி, காப்புறுதி, விசா புதுப்பிப்பு, குளிருடுப்பு, வருடத்துக்கொரு விமானச் சீட்டு ஒன்றும் அடங்கவில்லை. ஒரு கொப்பி எடுத்து இரண்டு பேரும் எழுதினோம். பிரசுரத்தில் இருந்த தொகையைத் தாண்ட ஒரு பக்கம்கூட முழுதாகத் தேவைப்படவில்லை.

அப்புறம் டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அப்போது பிள்ளை மூன்றாம் வருடத்தில் நின்ற வீடுகளில் மிச்ச நகையும் அடைவுக்குப் போனது. அதே வருடம் பெப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் வெடித்து, அங்கே மருத்துவம் படித்த வெளிநாட்டு மாணவர் பலர் படிப்பைப் பாதியில் விட்டு வெளியேற வேண்டி வந்தது. கனடா மாமா உதவுவார் என்றால் நல்லது. ஆறு வருடத்துக்கும் உதவுவாரா, ஒரு வருடத்துக்கா என்று கூச்சப்படாமல் இப்போதே கேட்டுவிடுங்கள். வயற்காணியை விற்பது பற்றி நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

தமிழில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் எப்படிச் சமாளிக்கும்?

எல்லா மருத்துவ பீடத்திலும் ஆங்கிலம்தான். முதல் ஆறு மாதம் கண்ணீர்தான், பிறகு பழகிவிடும். ரிசல்ட்டுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் மாதக்கணக்கில் சும்மா இருக்கும் காலம் வரும். அதில் ஆங்கிலம் படித்தால் எந்தப் பாதைக்குப் போனாலும் வீண் போகாது.

இவை ஒன்றும் சரிவராவிட்டால்?

பயோ பிரிவுக்கு வன்னிக்குள்ளேயே இரண்டு கதவு இருக்கிறது, கனபேர் பார்ப்பதில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், விவசாயம் எடுத்த பிள்ளைகளும் அதற்குப் போடலாம். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம், 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. அங்கே சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கலாம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய பட்டம் என்பது ஒரு தாய் தனியே உழைக்கும் வீட்டில் சின்ன விஷயமில்லை.

உங்களிடம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பெறுபேற்றுத் தாள், ஓ.எல் பெறுபேறு, இந்த வருடக் கைநூல், ஒரு கொப்பி, பென்சில், அழிறப்பர். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள். தகப்பன் மட்டும் தனியே வர வேண்டாம், பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.